வாக்குத்தத்த அட்டையும் மார்பின் மாத்திரையும்

வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். தென்மாவட்டத்தில், பெரும்பாலும் புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள். பேலியேட்டிவ் கேர் என்று சொல்வார்கள், தமிழில் வலிதணிப்புச் சிகிச்சை. 14 வருஷம் ஆகிறது. போகிற வீடுகளில் பாதிக்கு மேல் கிறிஸ்தவ வீடுகள், நானும் சபைக்குப் போகிறவள்தான். அதனால் இதை வெளியில் நின்று குறை சொல்கிறவளாக எழுதவில்லை. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் வேலையில் முதல் கேள்வி, "வலி எவ்வளவு இருக்கு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க." நம் ஆட்களிடம் இந்தக் கேள்வி செல்லாது. "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பார்கள், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். இப்போதெல்லாம் நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு? அப்புறம் தூங்கினீங்களா?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். கிருபைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்து, தூக்கத்தைப் பற்றி மட்டும் நிஜத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கணையத்தில் புற்றுநோய். இந்த வலி வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும், மல்லாந்து படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் கவிழ்ந்தபடி நாற்காலியிலேயே மூன்று வாரமாக இரவைக் கழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேதாகமம், மூக்குக்கண்ணாடி. வலி எவ்வளவு சார் என்றால், "மூணு இருக்கும்" என்றார். அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி, அவருக்குத் தெரியாமல் என்னிடம் ஒன்பது விரலைக் காட்டினார்.

டாக்டர் மார்பின் (morphine) என்ற கடும்வலி மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். சார் தொடவே இல்லை. காரணம் கேட்டால் மாற்கு 15:23 என்றார். இயேசுவுக்கு, சிலுவையில் அறையும்முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "ஆண்டவர் மயக்க மருந்து வேண்டாம்னுட்டார் சிஸ்டர். நான் மட்டும் எப்படி வாங்குவேன்? இது என் சிலுவை." எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்தைப் பற்றி நான் என்ன பேசினாலும் அது வசனத்துக்கு முன்னால் நிற்குமா?

அந்தச் சபையின் ஐயர், அதாவது போதகர், அடுத்த நாள் வந்தார். சின்ன வயது, படபடவென்று பேசுகிறவர்தான், ஆனால் அன்றைக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் யோவான் 19-ஐ எடுத்து வாசித்தார். அதே சிலுவையில், கடைசியில், "தாகமாயிருக்கிறேன்" என்று சொன்னதும், காடியில் தோய்த்த கடற்காளானை ஈசோப்புத் தண்டில் மாட்டி வாயருகில் நீட்ட, அவர் அதை வாங்கியதும். "சார், தனக்கு வேணும்னு அவர் வாயைத் திறந்து கேட்டாரே. கொடுத்ததை வாங்கினாரே. நீங்க ஏன் கேட்கமாட்டேங்கறீங்க?" என்றார். பிரசங்கம் அவ்வளவுதான். சார் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்குச் சாப்பிடணும்?" என்று கேட்டார்.

மார்பின் என்றாலே பயம். ஆரம்பித்தால் கதை முடிந்தது, அடிமையாகிவிடுவோம், சாவைச் சீக்கிரம் கொண்டுவரும் என்று மூன்று பயம். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொல்லும் அளவில், மணி பார்த்துக் கொடுத்தால் இந்த மூன்றும் அநேகமாக நடப்பதில்லை என்பதுதான் எங்கள் அனுபவம், மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. சாதாரண மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான் நிற்கும், அதனால் வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல் அடுத்ததைப் போட வேண்டும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல், அதற்கு முதல் நாளிலிருந்தே பேதி மருந்து சேர்த்தே தருவோம். நிறைய நாள் சாப்பிட்டவர்கள் தாங்களாக டக்கென்று நிறுத்தக்கூடாது. கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல ஆஸ்பத்திரிகள் இதை வைத்துக்கொள்ளவே தயங்கின, 2014-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு கொஞ்சம் இளகியிருக்கிறது. அப்போதும் எல்லா மருந்துக்கடையிலும் வாங்க முடியாது, அனுமதி பெற்ற இடங்களில்தான்.

இந்தச் சிகிச்சையின் வேரைத் தேடினால் அங்கேயும் ஒரு விசுவாசிதான் நிற்கிறார். இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து டாக்டரானவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற, கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தைத் தொடங்கினார். உடம்பு வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆத்தும வேதனை நான்கும் சேர்ந்ததுதான் ஒருவருடைய முழு வலி என்றார், மார்பினை வலி வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே ஒழுங்காகக் கொடுக்கவேண்டும் என்பதையும் நடைமுறையில் காட்டினார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் இந்தச் சிகிச்சை 1993-ல் தொடங்கியது, அங்கிருந்துதான் ஊர்க்காரர்களே சேர்ந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் கேரளம் முழுக்கப் பரவியது. வலியைத் தணிப்பது விசுவாசத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

நானே தப்புப் பண்ணியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு அக்கா, மார்பில் புண். நாற்றத்துக்குப் பயந்து பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். (அதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவோம், இரண்டு மூன்று நாளில் வாடை நன்றாகக் குறையும். பல வீடுகளில் இது தெரியாமல் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள்.) கட்டுப் போடும்போது, "நான் யாருக்கு என்ன செஞ்சேன் சிஸ்டர்? ஏன் எனக்கு?" என்று அழுதார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "விசுவாசமா இருங்க அக்கா, கர்த்தர் ஏதோ ஒரு நோக்கத்தோடதான் அனுமதிச்சிருப்பார்" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் போன நாட்களில் எல்லாம் "நல்லா இருக்கேன்" தான். என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

யோபின் பொறுமை, யோபின் பொறுமை என்கிறோம். வேதத்தில் யோபு புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் பக்கம் பக்கமாக ஆண்டவரிடம் வழக்காடுகிறார். கடைசியில் கடிந்துகொள்ளப்படுவது யார்? சமாதானம் சொல்ல வந்த சிநேகிதர்கள். அவர்கள் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள், 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிந்துபோகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அழுகிறவரை அடக்குவதற்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றை உரக்கவே சொல்லவேண்டும். ஜெபம் பண்ணியாயிற்று, சுகம் கிடைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவது. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். நான் ஐசியு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். "சாட்சி சொல்லிட்டேன், இனி ஊசி போட்டா சாட்சி பொய்யாயிடுமே" என்று ஒரு பிள்ளை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுள் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்தார்? அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப் போட வைத்தார். வாக்கும் பற்றும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

மனச்சோர்வும் அப்படியே. "சாகணும் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் உடனே "அப்படிப் பேசக்கூடாது, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்சு அதற்கப்புறம்தான். நீங்களும் கிட்டே உட்கார்ந்து, சாக நினைக்கிறீர்களா, வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நோயாளியைவிட எனக்குக் கவலை தருகிறவர்கள் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம்தான் எல்லாரும் பொறுமையை எதிர்பார்க்கிறார்கள், ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுக்க ஆள் இருக்காது. பக்கவாதத்தில் படுத்த மாமியாரை நாலு வருஷமாகப் பார்க்கும் ஒரு மருமகள், படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை இரவிலும் அலாரம் வைத்துச் செய்தவர், ஒருநாள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், "அத்தை எப்ப போவாங்கன்னு நெனைச்சிட்டேன் சிஸ்டர். இந்த வாயோட எப்படித் திருவிருந்து எடுப்பேன்?" என்று நடுங்கினார். அது பாவமில்லை, தூக்கமில்லாமை என்று சொன்னேன். நான்கு வருஷம் ஒழுங்காகத் தூங்காத யாருக்கும் அந்த நினைப்பு வரும்.

யாத்திராகமத்தில் மோசேயின் கை அசந்துபோனபோது, ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள் என்று இருக்கிறது. ஊர் என்பது ஒரு ஆளுடைய பெயர். சின்ன வயதில் எனக்கு அது தெரியாது, ஆரோனோடு ஊர் ஜனமெல்லாம் சேர்ந்து பிடித்தார்கள் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் அந்தத் தப்பான அர்த்தம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மருமகளுக்காகச் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசினேன். சாயங்காலம் பதினைந்து பேர் வந்து முக்கால் மணி நேரம் ஜெபித்துவிட்டுப் போகிறீர்களே, அதை ஐந்து நிமிஷமாக்கிவிட்டு, வாரத்தில் மூன்று ராத்திரி யாராவது ஒருவர் அங்கே படுத்துக்கொள்ளுங்கள், அவள் தூங்கட்டும் என்றேன். இரண்டு பேர் முகம் சுருங்கியது. ஒரு பாட்டி மட்டும், "எனக்குத் தூக்கமே வராது, நான் எல்லா ராத்திரியும் போறேன்" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர் எழுதினார்கள். அத்தை இறக்கும்வரை ஏழு மாதம் அந்தத் தாள் ஓடியது.

ஊரில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், 2021-லிருந்து நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சாருக்கு வருகிறேன். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியிருக்கிறார், மனைவி பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். அந்த வீட்டுச் சுவரில் வருஷப்பிறப்பு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் என்று எடுத்த வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." ஜனவரியில் எடுத்த வசனம், மார்ச்சில் வந்த ரிப்போர்ட். சாரின் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமை. "இதைக் கழட்டிரட்டா சிஸ்டர்? பொய் மாதிரி இருக்கு" என்று ஒருநாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டது சார் காதில் விழுந்துவிட்டது.

"ஏட்டி, பிழைத்திருந்து என்ன எச்சம்?" என்றார் கட்டிலிலிருந்து.

அம்மா விழித்தார். நானும்தான்.

"வினையெச்சம். எச்சத்தைப் பிடிச்சுத் தொங்காதே. முற்று எங்க இருக்கு? விவரிப்பேன். அதுல நில்லு."

அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் விவரித்தார். 1960-களில் சம்பளம் மூன்று மாதம் வராமல் பனங்கிழங்கு தின்று பாடம் நடத்தியது, இறந்துபோன மூத்த பையன், அந்தக் கோபத்தில் ஐந்து வருஷம் கோயில் வாசலை மிதிக்காதது. ஐந்து வருஷம் மிதிக்கவில்லை என்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் முழுதாகத் தெரியும், வெளியூர்ப் பள்ளியில் வேலை என்பதால் அங்கே போய்க்கொண்டிருந்தார் என்றே நினைத்திருந்தாராம். எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கக்கூட நேரம் விடமாட்டார்.

பதினோரு வாரம். அடக்கம் முடிந்து நாலாம் நாள் போனேன். மிச்ச மார்பின் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக் கணக்கில் எழுதவேண்டும், வீட்டில் விட்டு வரக்கூடாது. அம்மா அதையெல்லாம் ஒரு காணிக்கைக் கவரில் போட்டு வைத்திருந்தார். "எண்ணிக்கிடுங்க சிஸ்டர், பத்தொன்பது இருக்கு" என்றார். எண்ணினேன். சரியாகப் பத்தொன்பது. அட்டை சுவரிலேயே இருந்தது.