இரவு பத்து மணிப் பசி எங்கிருந்து வருகிறது?

"சேர், பகல் முழுக்க வாயைக் கட்டித்தான் இருக்கன். ராவைக்குப் பத்து மணியானா என்ன வந்து பிடிக்குதோ தெரியா, மிஞ்சிக் கிடக்கிற புட்டு முடியுமட்டும் கை நிக்குதில்ல. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லியா?"

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டிருந்தார். உடம்பைக் குறைக்கிற முயற்சியில் இருக்கிறார். காலையில் பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும், மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு, பின்னேரம் ஒன்றுமில்லை. இந்தப் பட்டினியைப் பகல் முழுக்கத் தாங்குகிறவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போவதில் மூளைக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பகலில் சாப்பிடாமல் விடுவது அந்தக் கடிகாரத்துக்குக் கைகொடுக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பசியைப் பற்றிய செய்திகள் மூளையில் பரிவகக்கீழ் என்ற பகுதிக்குப் போய்ச் சேர்கின்றன. வயிறு வெறுமையாக இருக்கும்போது இரைப்பை கிரெலின் என்ற ஓமோனைச் சுரக்கும். இதை 1999 இல் ஜப்பானியரான கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற இன்னொன்றைச் சுரக்கும். அதை 1994 இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்தது. லெப்டின் நிறைய இருந்தால் கையிருப்பு போதும் என்று மூளை எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டைக் குறைத்தால் லெப்டின் இறங்கும், கிரெலின் ஏறும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் அப்போது இருந்த கெவின் ஹாலின் குழு இதற்கு ஒரு கணக்கே போட்டது. குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அது 500 கலோரி, கிட்டத்தட்ட இரண்டரைக் கோப்பைச் சோறு. அதே நேரம் உடம்பு எரிக்கும் சக்தியும் கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. மெலிய முயல்கிறவர்களுக்குப் பசி கூடுவது உண்மைதான், அது கற்பனை அல்ல.

ஆனால் இது ஏன் இரவில் வர வேண்டும்? வெறும் வயிறுதான் காரணமென்றால், மிக மோசமான பசி விடியற்காலையில் அல்லவா இருக்க வேண்டும்? இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுக் காலை ஏழுக்கு எழுந்தால் பத்து மணிநேரப் பட்டினி. அப்படியிருந்தும் "காலம சாப்பாடு இறங்குதில்ல" என்று சொல்லாத வீடு நம் பக்கம் குறைவு. மத்தியானம் சாப்பிட்டு ஆறு மணிநேரம் கழித்து வரும் பசியோ ஆளையே தின்றுவிடும்.

இந்தப் புதிரை அவிழ்த்த ஒரு பரிசோதனை இருக்கிறது. அதன் திட்டத்தை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நாளாந்தம் தன்னைத் திருத்திக்கொள்ளும். வெளிச்சம் கிடைக்காவிட்டாலும் தன்பாட்டில் ஓடும், ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணியும் 11 நிமிடமும் எடுக்கும். இந்தக் கடிகாரத்துக்கும் பசிக்கும் தொடர்புண்டா என்று எப்படிப் பார்ப்பது? சாதாரண வாழ்க்கையில் முடியாது. பின்னேரம் பசிக்கிறது என்றால் கடிகாரம் காரணமா, விழித்து அதிக நேரம் ஆனது காரணமா, மத்தியானச் சாப்பாடு தீர்ந்தது காரணமா? மூன்றும் ஒன்றாகவே நகர்கின்றன. கோயில் முன்றிலில் இரண்டு பறைமேளக்காரர் ஒரே தாளத்தில் அடித்தால் எது யாருடைய அடி என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் மட்டும் தாளத்தை விரைவாக்கினால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் தனித்தனியே கேட்கத் தொடங்கும்.

ஆராய்ச்சியாளர்கள் செய்ததும் அதையேதான். ஃபிராங்க் ஷேயர், கிறிஸ்டோபர் மொரிஸ், ஸ்டீவன் ஷே ஆகியோர் 12 பேரை 13 நாள் ஆய்வுகூடத்தில் தங்கவைத்து, அவர்களுடைய "நாளை" 20 மணிநேரமாகச் சுருக்கினார்கள். மங்கலான வெளிச்சம். நேரத்தைக் காட்டும் எதுவும் அறையில் இல்லை. 20 மணிக்கொருமுறை ஒரு தூக்கம், ஒரு விழிப்பு, அதற்குள் எல்லாச் சாப்பாடும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் காலைச் சாப்பாடு காலை 8 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது விடியற்காலை 4 மணிக்கு வரும். அதற்கடுத்தது நள்ளிரவு 12 மணிக்கு. பிறகு இரவு 8, பின்னேரம் 4, நண்பகல் 12, அப்புறம் மறுபடி காலை 8. ஆறு "நாள்" முடிவதற்குள் காலைச் சாப்பாடு கடிகார முகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. மூளைக் கடிகாரத்தால் 20 மணிக்குச் சுருங்கி ஓட முடியாது. மங்கலான வெளிச்சத்தில் அதைத் திருத்தவும் எதுவுமில்லை. ஆகவே அது தன் 24 மணிச் சொச்சத் தாளத்தையே பிடித்துக்கொண்டு போகும். உடம்பின் உள்வெப்பநிலை ஏறி இறங்குவதை வைத்து அது இப்போது எத்தனை மணியில் நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம். இடையிடையே ஆட்களிடம் "எவ்வளவு பசிக்கிறது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எப்போது விழித்தார், எப்போது சாப்பிட்டார் என்பது எல்லா மணிகளிலும் சமமாகப் பரவிவிட்டதால் அதன் விளைவைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது கடிகாரத்தின் பசி மட்டும்.

2013 இல் வெளிவந்த விடை: பசி மிகக் குறைவாக இருப்பது காலை 8 மணியளவில், உச்சத்தில் இருப்பது இரவு 8 மணியளவில். இரண்டுக்கும் இடையே 17 சதவீத வித்தியாசம். இனிப்பு, உப்பு, மாப்பொருள் ஆகியவற்றின் மேலுள்ள ஆசையும் இதே வளைவில் ஏறி இறங்கியது. காத்தான்குடிக் கடைகளில் இரவில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் கேட்டால் நாவூறுவதும், அதே கொத்தைக் காலை எட்டு மணிக்கு நினைத்தால் வயிறு புரட்டுவதும் இப்படித்தான். நீண்ட இரவுப் பட்டினிக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொண்டால் இடையில் பசிக்கு எழும்பாமல் தூங்கலாம், சாப்பாடு நிச்சயமில்லாத காலத்தில் சக்தியையும் சேர்த்து வைக்கலாம். அப்படியொரு பழைய ஏற்பாடு இது என்று அவர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

உச்சம் எட்டு மணிக்கென்றால் தங்கச்சிக்குப் பத்து மணிக்கு ஏன்? வளைவு திடீரென்று விழுவதில்லை, பத்து மணிக்கும் உயரத்தில்தான் நிற்கும். அதோடு, முன்னிரவில் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்தால் மூளைக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். நள்ளிரவு வரை லைட்டும் போனும் எரியும் வீட்டில் உச்சமும் தாமதமாகத்தான் வரும்.

இப்போது நம் ஊர் நாளை இந்த வளைவின்மேல் வைத்துப் பாருங்கள். காலையில் கடிகாரம் பசியை அடக்குகிறது, பிளேன்டீயோடு சமாளித்துவிடலாம். மத்தியானம் வெயில், அதிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சோற்றைக் கண்டாலே எரிச்சல். "டயட்" இலகுவாக நடக்கிறது. பின்னேரம் பிள்ளையை டியூசனுக்கு ஏற்றி இறக்கி, சமைத்து, எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும்போது குளிர்காற்று. உச்சத்திலிருக்கும் கடிகாரப் பசி, பகல் முழுக்கச் சேர்ந்த பற்றாக்குறை, குறைந்த லெப்டின் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. புட்டுப் பானை பக்கத்தில்.

ஒரு வாய் வைத்தவர் ஏன் முழுவதையும் முடிக்கிறார் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 1975 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆட்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டியமட்டும் சாப்பிட விட்டார்கள். சாதாரண ஆட்கள் மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைய விரதம்தான் முறிந்துவிட்டதே, இனியென்ன என்ற நினைப்பு. கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அவிழும்போது அவ்வளவு மோசம்.

அப்படியானால் செய்ய வேண்டிய வேலை பகலில்தான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் 30 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2022 இல் வெளியிட்டார்கள். நான்கு வாரம் நாளின் கலோரியில் 45 சதவீதத்தைக் காலையில் கொடுத்தார்கள், இன்னொரு நான்கு வாரம் அதே 45 சதவீதத்தை இரவில் கொடுத்தார்கள். மொத்தக் கலோரி ஒன்றுதான். எடை இரண்டு முறையும் சமமாகவே குறைந்தது, மூன்று கிலோவும் சொச்சமும். ஆனால் காலையில் கூடச் சாப்பிட்ட வாரங்களில் பசி தெளிவாகக் குறைவு. அதே ஆண்டு பொஸ்டனில் 16 பேருக்கு அதே சாப்பாட்டை நாலு மணிநேரம் அளவில் பிந்திக் கொடுத்தபோது பசி கூடி, விழித்திருக்கும் நேரத்து லெப்டின் குறைந்தது. இரவில் சாப்பிட்டால் கலோரி குறைவாக எரிகிறதா என்பதில் இந்த இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை, பொஸ்டன் ஆய்வு ஆம் என்கிறது, அபர்டீன் இல்லை என்கிறது. பசியில் ஒத்துப்போகின்றன. ஆகவே "எட்டு மணிக்குப் பிறகு சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாகும்" என்கிற பேஸ்புக் வைத்தியர்களையும், அனுசேபத்தை, அதாவது உடம்பு சக்தி எரிப்பதை, தூண்டும் பவுடர் விற்பவர்களையும் கணக்கில் எடுக்காதீர்கள். காலைச் சாப்பாட்டின் லாபம் இரவுப் பசியைக் குறைப்பது. எடை குறைக்கிறவருக்கு அதுவே பெரிய காரியம்.

தங்கச்சி செய்யக்கூடியது இதுதான். இரவில் முடிக்கிற அந்தப் புட்டைக் காலைக்கு மாற்றுங்கள், முட்டையோ மீனோ அவித்த கடலையோ சேர்த்து. முதல் சில நாள் இறங்காது. கிரெலின் வழமையான சாப்பாட்டு நேரத்துக்கு முன்கூட்டியே ஏறுகிற ஓமோன், புதிய நேரத்தை அது பழக வேண்டும். மத்தியானம் சோறு அளவாக இருக்கட்டும், மீனும் பருப்பும் கீரையும் தாராளமாக இருக்கட்டும். புரதமும் நாரும் பசியை நெடுநேரம் தள்ளும். இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம், ஏழு, ஏழரைக்குச் சிறிதாக முடியுங்கள். அதற்குப் பிறகும் பசித்தால் சீனியும் பாணியும் இல்லாமல் ஒரு சின்னக் கிண்ணம் தயிர் சாப்பிடலாம். எருமைத் தயிரில் கொழுப்பு கூட, ஆகவே சின்னக் கிண்ணம்தான். இராத்தயிர் சளி என்று அம்மம்மா சொல்வா. தடிமன் வைரசால் வருவது, தயிரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மிஞ்சிய புட்டையும் ரொட்டியையும் எட்டு மணிக்கே மூடி உள்ளே வைத்துவிடுங்கள், கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் கை தேடும்.

தூக்கத்தை யாரும் டயட்டில் சேர்ப்பதில்லை. சிக்காகோவில் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேரில் ஒரு பகுதியினரை வழமையைவிட ஒரு மணிநேரமும் கொஞ்சமும் கூடுதலாகத் தூங்கப் பழக்கினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். 2022 இல் வந்த இந்த முடிவை எந்தப் பவுடரும் இதுவரை எனக்குக் காட்டவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு வயிற்றெரிச்சல். பொஸ்டன், அபர்டீன், சிக்காகோ. நம் சோற்றையும் நம் வெயிலையும் வைத்துச் செய்த ஒன்றை என்னால் இங்கே எடுத்துக்காட்ட முடியவில்லை. ஆரையம்பதியும் காத்தான்குடியும் மதில் ஒட்டிய ஊர்கள். ஒரே வெயில், ஒரே மீன், ஒரே அரிசி. ஆண்டுக்கொரு மாதம், றமழானில், முஸ்லிம் ஊரான காத்தான்குடி முழுதும் சாப்பாட்டு நேரத்தை விடியலுக்கு முன்னும் மாலைக்குப் பின்னும் மாற்றிக்கொள்கிறது, பக்கத்து ஆரையம்பதி மாற்றுவதில்லை. அரபு நாடுகளில் நோன்பு பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒட்டியிருக்கும் இரண்டு ஊர்கள் எத்தனை இடத்தில் கிடைக்கும்? கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பிக்கிறார்கள், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகை. கேள்வி நம் வாசலில் கிடக்க, விடைக்கு அத்திலாந்திக் கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

இனி, மேலே சொன்னது எதுவும் பொருந்தாத இரண்டு பேர். முதலாமவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நாளின் கால்பங்குக்கு மேல் சாப்பிடுகிறார், அல்லது வாரத்தில் இரண்டு மூன்று இரவு தூக்கத்திலிருந்து எழும்பிச் சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடிகிறது, காலையில் பசியே இல்லை, மனமும் சோர்ந்திருக்கிறது. இதை இரவு உண்ணும் நோய்க்குறி என்று 1955 இலேயே அல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் விவரித்தார். சிகிச்சை உண்டு, டொக்டரிடம் வெட்கமில்லாமல் சொல்ல வேண்டியது.

மற்றவர் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர், அல்லது கிளிக்லசைட் போன்ற குளிசை எடுக்கிறவர். இவருக்கு இரவில் வியர்த்து, நடுங்கி, நெஞ்சு படபடத்துப் பசித்தால் அது இரத்தத்தில் சீனி இறங்கியதாக இருக்கலாம். எடை குறைக்கவென்று சாப்பாட்டைக் குறைத்து மருந்தை மட்டும் பழைய அளவில் எடுக்கிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் இதற்குப் பார்வை பார்ப்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், கையில் கறுப்பு நூல் கட்டுவார்கள். நூல் கட்டுவதென்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். வீட்டில் மெசின் இருந்தால் குத்திப் பாருங்கள், 70 mg/dL க்குக் கீழே என்றால் குறைவு. 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி.