பிஷ்தி: தோல் துருத்தியில் தண்ணீர் சுமந்தவர்

1939இல் வந்த ஹாலிவுட் படமான 'கங்கா தீன்' பார்த்தவர்களுக்கு அந்த மனிதரை நினைவிருக்கும். மூன்று பிரிட்டிஷ் சார்ஜெண்டுகளின் பின்னால் தோல் பையைச் சுமந்து ஓடிக்கொண்டே இருப்பார். படத்துக்கு அவர் பெயர். கதாநாயகர்களோ அந்த மூவர். அவருடைய வேலைக்குப் பெயர் பிஷ்தி.

பாரசீகத்தில் 'பிஹிஷ்த்' என்றால் சொர்க்கம். 'பிஹிஷ்தி', சொர்க்கத்தைச் சேர்ந்தவர். அது உருதுவில் தேய்ந்து பிஷ்தி ஆனது. வெயிலில் நா வறண்டு கிடப்பவனுக்குத் தண்ணீர் வார்ப்பவரை வேறு எப்படி அழைப்பது! இன்னும் தோண்டினால் 'மிகச் சிறந்த' என்ற பொருளுடைய 'வஹிஷ்த' என்னும் சொல் வரும், பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில். நம் வசிஷ்டர் பெயருக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

1539இல் பிகாரின் சௌசாவில் நடந்த போரில் ஷேர் ஷாவிடம் தோற்று கங்கையில் தத்தளித்த ஹுமாயூனைக் கரைசேர்த்தவர் நிஜாம் என்ற தண்ணீர் சுமப்பவர். காற்றடைத்த தோல் பைதான் மிதவை. நன்றிக்கடனாக ஹுமாயூன் அவரைச் சிறிது காலம் தன் அரியணையிலேயே உட்காரவைத்தார் என்பது முகலாய வரலாறு.

சரியாக நானூறு ஆண்டு கழித்து வந்த படத்தில் பிஷ்தியின் கனவு, வெள்ளையர் படையில் ஒரு சாதாரணச் சிப்பாய் ஆவது. உயிரைக் கொடுத்து எக்காளம் ஊதிப் படையைக் காப்பாற்றுகிறார். இறந்த பிறகு கார்ப்பரல் பதவி கிடைக்கிறது. ஹுமாயூன் தாராளமாகத்தான் இருந்திருக்கிறார். படத்துக்கு அடிப்படையான, ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் 1890ஆம் ஆண்டுக் கவிதையும், தோல் எப்படியிருந்தாலும் உள்ளுக்குள் இவன் வெள்ளை என்றுதான் புகழ்கிறது. வேடமிட்டவர் நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபி, முகத்தில் பழுப்புச் சாயத்துடன். வில்லன் குருவாக வந்தவர் இத்தாலியில் பிறந்தவர். வடமேற்கு எல்லை மலைகளாகக் காட்டப்பட்டவை கலிபோர்னியாவின் லோன் பைன் பகுதிப் பாறைகள். இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை.

இன்னொரு விந்தை: பிஷ்திகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். இவருக்கோ கங்கையின் பெயர்.

படத்தின் வசனத்தை மொழிபெயர்த்தால், பிஷ்தியைத் தமிழில் என்ன சொல்வது? 'தண்ணீர்க்காரன்' என்றால் குடமும் தள்ளுவண்டியும்தான் கண்முன் வரும். தோல் பை வராது. சென்னை மாகாணப் படைகளில் இந்த வேலைக்குப் 'பக்காலி' என்ற பெயர் வழங்கியது. அதுவும் இந்துஸ்தானிச் சொல்லே. ஆனால் பைக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: துருத்தி. தமிழ் விவிலியத்தில் ஆபிரகாம் ஆகாருக்குக் கொடுத்தனுப்புவது 'ஒரு துருத்தி தண்ணீர்'. இன்று துருத்தி என்றதும் கொல்லன் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது என்பதால், 'தண்ணீர்த் துருத்திக்காரர்' என்று சேர்த்தே எழுதலாம். கடைசியில் 'ர்' வேண்டும். சார்ஜெண்டுகள் அவரை எப்படி விளித்தாலும், வசன மொழிபெயர்ப்பில் நாம் 'ன்' போட வேண்டியதில்லை.