இழுவைமடி: 'டிரால்' என்ற சொல்லுக்குக் கடற்கரையில் வழங்கும் தமிழ்

ராமேஸ்வரத்துச் செய்திகளில் 'விசைப்படகு' என்று வருவது, யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களில் 'இழுவைமடிப் படகு' என்று வருகிறது. பேச்சில் அங்கே 'றோலர்' என்பார்கள். படகு ஒன்றுதான். ஆனால் 'விசைப்படகு' என்பது எஞ்சின் பொருத்திய படகு என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. அந்தப் படகு கடலுக்குள் எதை இறக்குகிறது என்பதை 'இழுவைமடி' சொல்லிவிடுகிறது: ஆங்கிலத்தில் 'டிரால்' எனப்படும், கடலடியில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை. பாக் நீரிணைச் சிக்கலைப் பற்றி எத்தனையோ செய்திகளைப் படித்தும் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்று தமிழக வாசகர் பலருக்குத் தெரியாமல் இருப்பதற்கு, இந்தச் சொல் விடுபட்டுப்போனதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலத்தின் 'டிரால்' டச்சு மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இடைக்கால டச்சில் 'டிராகேலென்' என்றால் இழுத்துச் செல்வது. அதற்கும் பின்னால் போனால், இழுக்கும் வலையைக் குறித்த 'திராகுலா' என்ற இலத்தீன் சொல்லில் நிற்போம். 'இழு' என்று பொருள்படும் இலத்தீன் வினையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. டிராக்டர் என்ற சொல்லும் அந்த வினையிலிருந்து பிறந்ததுதான். தூண்டிலைப் படகின் பின்னே ஓடவிட்டு மீன் பிடிப்பதைக் குறிக்கும் 'டிரோல்' வேறு சொல், வேறு தொழில். தமிழ் எழுத்தில் இரண்டும் நெருங்கி ஒலிப்பதால் குழப்பம் வருகிறது. கேரளத்தின் மழைக்காலத் தடையை 'டிரோலிங் தடை' என்று நம் செய்திகள் எழுதும்போது, தடை செய்யப்படுவது தூண்டில் அல்ல, இழுவைமடி.

ஆங்கிலச் சொல்லைவிடக் கருவிக்கு வயது அதிகம், அதன்மேல் உள்ள குறைக்கும் அப்படியே. 1376-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. 'வொண்டிர்சூன்' என்ற புது வலையைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அதன் கனத்த நீண்ட இரும்பு தரையில் உரசிக்கொண்டு போவதால் நீருக்கடியில் பூத்திருப்பவை அழிகின்றன, சிப்பிகளின் குஞ்சுகள் நசுங்குகின்றன, பெரிய மீன்களுக்கு இரை இல்லாமல் போகிறது என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: என்ன செய்வதென்று தெரியாத அளவுக்குப் பொடிமீன் சிக்குகிறது, அதைப் பன்றிகளுக்குப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். இன்றைய கடல் உயிரியல் அறிக்கைகள் அளந்து சொல்வதில் பெரும்பகுதி அந்த மனுவிலேயே இருக்கிறது.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் ஓர் அரச ஆணையம், மீன்பிடிக் கட்டுப்பாடுகளை நீக்கலாம் என்று 1866-இல் பரிந்துரைத்தது. உழுத நிலம்தான் விளையும், கடலடியைக் கிளறினால் மீன் பெருகும் என்று இழுவைப் படகுக்காரர்கள் வாதிட்ட காலம் அது. அந்த ஆணையத்தில் இருந்த புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பெருங்கடல் மீன்வளம் தீராதது என்று 1883-இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசினார். அந்தப் பத்தாண்டிலேயே நீராவி இழுவைப் படகுகள் பெருகத் தொடங்கியிருந்தன. உழவன் உழுதபின் விதைக்கிறான். கடலில் யாரும் விதைப்பதில்லை.

இனி நம் சொல்லுக்கு வருவோம். பாடநூல்களிலும் அரசு ஆவணங்களிலும் 'இழுவலை', 'இழுவை வலை' என்ற வடிவங்கள் உண்டு. பிழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கடற்கரையில் வலைக்கும் மடிக்கும் வேறுபாடு உண்டு. நீரில் திரைபோல நிற்கும் வலையில் மீன் தானாக வந்து கண்ணியில் செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணியின் அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும். சிறியது நழுவிவிடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். மடி என்பது பை. வாய் வழியே புகுந்ததெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம். 'மடியில் கனம்' என்னும்போது வேட்டி மடிப்பில் செருகிய பணத்தை நினைக்கிறோமே, அதே மடிதான். கன்னியாகுமரிக் கரையில் ஊரே சேர்ந்து இழுக்கும் கரமடியிலும், கட்டுமரக்காரர்களின் தட்டுமடியிலும் இந்தச் சொல் பழைமையாக வழங்குகிறது. அயல்நாட்டு டிரால் நம் கடலுக்கு வந்தபோது, மீனவர்கள் அதன் பை வடிவத்தைப் பார்த்துத் தங்களிடம் இருந்த சொல்லையே எடுத்துக் கொடுத்தார்கள். கரமடியும் இழுக்கப்படுவதுதான் என்பதால் ஐயம் வரும் இடங்களில் 'கடலடி இழுவைமடி' என்று எழுதிவிடலாம்.

அது வேலை செய்யும் விதம் இப்படி: படகின் பின்னால் இரண்டு இரும்பு வடங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கனத்த பலகை. படகு ஓட ஓட, நீரின் அழுத்தத்தில் பலகைகள் இரண்டும் விலகி வலையின் வாயை அகல விரிக்கின்றன. மேல்விளிம்பில் மிதவைகள், கீழ்விளிம்பில் ஈயமோ சங்கிலியோ. இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும். சங்கிலி தரையைக் கிளறினால்தான் துள்ளி எழும். ஆகவே தரையைக் கிளறுவது தற்செயலாக நேரும் பிழை அல்ல, இந்தத் தொழிலின் முறையே அதுதான். மடியைத் தூக்கி அடிமுடிச்சை அவிழ்த்தால் தளத்தில் சேறும் புல்லும் உயிரும் கலந்து கொட்டும். இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தபின் எஞ்சுவதில் விரல் நீளக் காரல், மீன்குஞ்சுகள், நட்சத்திர மீன், உடைந்த சிப்பி, சில சமயம் கடல்குதிரையும் இருக்கும். இந்த மிச்சத்துக்கு ராமநாதபுரம் கரையில் 'சங்காயம்' என்று பெயர். 'கழிசல்' என்றும் சொல்வார்கள். அது காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்குப் போகிறது. 1376-இல் பன்றி, இப்போது கோழி. உலக அளவில் கடலிலேயே திருப்பி வீசப்படும் மீன் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கடலடி இழுவைமடிகளிலிருந்து வருகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2019-இல் கணக்கிட்டது. வீசப்படாமல் தீவனமாகும் சங்காயம் இந்தக் கணக்கில் வராது.

இந்தியாவில் இந்த முறை பரவியதற்கு 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் முக்கியக் காரணம். கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கியது அது. 1960-களில் ஏற்றுமதிச் சந்தையில் இறாலுக்குக் கிடைத்த விலை இழுவைமடியைக் கரையெங்கும் கொண்டுபோனது. அரசுகள் மானியம் கொடுத்தன. வாங்கிய மீனவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடனும் மானியமுமாகக் கொடுத்து வளர்த்த தொழிலை விடச் சொல்லும்போது, கொடுத்தவர்களுக்கே பொறுப்பு அதிகம்.

பாக் நீரிணையில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அடியில் கடற்புல் படுகைகள். கடற்பசு மேயும் இடமும், மீனும் இறாலும் குஞ்சாக வளரும் இடமும் அவைதான். அதனால்தான் 2022-இல் தமிழக அரசு இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இத்தனை ஆழமற்ற நீரில் இழுவைமடி போனால் புல் வேரோடு வருகிறது. எதிர்க்கரையான இலங்கையில் போர் முடிந்து 2009-க்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய வடபகுதி மீனவர்களிடம் இருப்பவை சிறு படகுகளும் நிற்கும் வலைகளும். இரவில் தமிழகப் படகுகள் மடி இழுத்துக்கொண்டு போகும் வழியில் அந்த வலைகள் அறுபட்டுப் போகின்றன. இரு பக்கமும் தமிழ் மீனவர்கள்தான். இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் கடலடி இழுவைமடியை முற்றாகத் தடை செய்தது. அதே ஆண்டு, பாக் நீரிணையின் இழுவைமடிப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளைக் கொடுக்கும் திட்டம் இந்தியாவில் தொடங்கியது. அதற்கான கருவி, ஒரே நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பல தூண்டில்கள். அதற்கும் 'ஆயிரங்கால் தூண்டில்' என்று கடற்கரையில் பெயர் ஏற்கெனவே உண்டு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு சொற்கள். 'இரட்டைமடி' என்பது இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே பெரிய மடியை இழுப்பது. இது இழுவைமடியின் கடுமையான வடிவம், தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. 'சுருக்குமடி' அப்படி அல்ல. கூட்டமாகத் திரியும் மத்தியையும் அயலையையும் வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பையாகச் சுருக்குவது. அதன்மேலும் வழக்கும் சண்டையும் உண்டு, ஆனால் காரணம் வேறு: சுருக்குமடி வேலை செய்வது கடலின் மேல்நீரில், இழுவைமடி வேலை செய்வது கடலின் தரையில். செய்தி எழுதுபவர்கள் 'விசைப்படகு' என்று எழுதும் இடத்தில் எந்த மடி, எந்த வலை என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் போதும்.