சொல் தெரியும், ஜோடிதான் தெரியாது

போன வருடம் ஒரு மாலை வகுப்பில் ஒரு மாணவர் பையைக்கூட இறக்கிவைக்காமல் போனை என்னிடம் நீட்டினார். நாற்பதை நெருங்கும் பிரெஞ்சுக்காரர், ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவர். இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் அனுப்பும் ஒருவருக்கு அவர் ஒரு மெயில் எழுதியிருந்தார். மூன்று ஆர்டர்கள் வர வேண்டியிருந்தன, மூன்றுமே தாமதம். இரண்டாவது ஆர்டரைப் பற்றி மட்டும் "அன் இம்பார்ட்டன்ட் டிலே" என்று எழுதியிருந்தார். அதுதான் இருப்பதிலேயே நீண்ட தாமதம் என்று சொல்ல வந்தார். பிரெஞ்சில் அது சரி. தாமதமோ பணமோ, அளவில் பெரிதாக இருந்தால் "ஆம்போர்த்தான்" என்ற அடைமொழி தாராளமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் "இம்பார்ட்டன்ட்" என்றால் முக்கியம் என்று மட்டும்தான் பொருள். படித்தவர் என்ன நினைப்பார்? இவருக்கு இரண்டாவது ஆர்டர்தான் முக்கியம் போலிருக்கிறது என்று அதை மட்டும் முதலில் அனுப்பிவிட்டார். உண்மையில் அவசரமாகத் தேவைப்பட்டது முதல் ஆர்டர்.

அந்த மெயிலை நான் இரண்டு முறை படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. "டிலே" என்ற சொல் அவருக்குத் தெரியும், "இம்பார்ட்டன்ட்" என்ற சொல்லும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் தான் நினைத்த பொருள் வராது என்பது மட்டும் தெரியவில்லை.

பாரிஸ் புறநகரில் பெரியவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். பெரும்பாலோர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் சிலர் வருகிறார்கள். வீட்டில் தமிழ், ஆனால் மனசுக்குள் ஓடுவது பிரெஞ்சுதான். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரெஞ்சு பேசுபவர்கள் ஆங்கிலத்தில் தடுக்கி விழுவது கடினமான சொல்லில் அல்ல. நன்றாகத் தெரிந்த, ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்ட எளிய சொற்களைச் சேர்க்கும் இடத்தில்தான் விழுகிறார்கள். அந்த இடத்தை யாரும் அவர்களுக்குக் காட்டுவதும் இல்லை.

சொற்கள் இப்படிச் சேர்ந்தே வருவதை மொழியியலில் கொலொகேஷன் என்கிறார்கள். லண்டன் பேராசிரியர் ஜே. ஆர். ஃபெர்த் 1950களில் இதை அழுத்திச் சொன்னவர். ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது யாரோடு சேர்ந்து வருகிறது என்று பார் என்பது அவர் கருத்து. தமிழில் சொற்சேர்க்கை என்று எழுதுவோம். எனக்கு ஜோடி என்றால்தான் சட்டென்று புரிகிறது. நாம் கோலம் போடுகிறோம். விளக்கு ஏற்றுகிறோம், ஆனால் லைட்டைப் போடுகிறோம். ஒருவர் வந்து "வாசலில் கோலம் செய்தேன்" என்றால் நமக்குப் புரியும், ஆனாலும் காதில் ஏதோ உரசும். ஏன் "போடு", ஏன் "செய்" இல்லை என்று கேட்டால் நம்மால் காரணம் சொல்ல முடியாது. அதில் விதி கிடையாது, வழக்கம்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு சிக்கல்? 1066இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, சில நூற்றாண்டுகள் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் கொட்டிக்கொண்டே இருந்தன. ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரெஞ்சு வழியாக வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால் பிரெஞ்சு மாணவர் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் பாதி முகங்கள் தெரிந்த முகங்கள். டிசிஷன், அப்பாயின்ட்மென்ட், அட்டென்ஷன் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும். ஆனால் அவற்றோடு சேரும் சின்ன வினைச்சொற்கள் வேறு வம்சம். "மேக்", "டூ", "ஹேவ்" எல்லாம் பழைய ஆங்கிலத்திலிருந்தே இருப்பவை. "டேக்" ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு கப்பலேறி வந்தது. பெண் பிரெஞ்சு வீட்டிலிருந்து போனது, மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். பெண்ணை அடையாளம் கண்டுகொள்ளும் மாணவர், மாப்பிள்ளையும் நம் வீட்டார்தான் என்று நினைத்துவிடுகிறார்.

போலி நண்பர்கள் என்ற பிரச்சினை எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதிரி தோன்றிப் பொருள் மாறும் சொற்களை "ஃபோ ஆமி" என்பார்கள். 1928இல் கோஸ்லரும் தெரோகினியும் வெளியிட்ட நூல்தான் அந்தப் பெயரை நிலைக்க வைத்தது. பள்ளிகளில் இன்றும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் போலி ஜோடிகளுக்கு அப்படி ஒரு பட்டியலை என் மாணவர்களில் யாரும் பார்த்ததில்லை.

இதில் முதல் குற்றவாளி "ஃபேர்" என்ற பிரெஞ்சு வினைச்சொல். சொற்பட்டியலின் முதல் பக்கத்திலேயே ஃபேர் என்றால் "டூ" அல்லது "மேக்" என்று போட்டிருக்கும். மாணவர் அதை அப்படியே நம்பிவிடுகிறார். பிரெஞ்சில் தவறையும் வீட்டுப்பாடத்தையும் "ஃபேர்" செய்வார்கள். ஆங்கிலத்தில் முன்னதற்கு "மேக்", பின்னதற்கு "டூ". சரி, இதுவரை பட்டியல் காப்பாற்றும். அடுத்து இடைவேளை. பிரெஞ்சில் அதற்கும் "ஃபேர்"தான், ஆங்கிலத்தில் "டேக் எ பிரேக்". கனவையும் பிரெஞ்சுக்காரர் "ஃபேர்" செய்வார், ஆங்கிலேயர் "ஹேவ் எ ட்ரீம்" என்பார். "ஐ மேட் எ ட்ரீம்" என்று என் வகுப்பில் கேட்காத வருடமே இல்லை. நடந்துவிட்டு வருவதற்கும் பிரெஞ்சில் "ஃபேர்", ஆங்கிலத்தில் "கோ ஃபார் எ வாக்". வரிசையில் நிற்பதற்கு பிரெஞ்சில் "ஃபேர் லா க்யூ", அதாவது வால் செய்வது. ஆங்கிலேயர் அந்த வாலை மட்டும் எடுத்துக்கொண்டு, துணைக்கு எதையும் சேர்க்காமல் "க்யூ" என்பதையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள்.

கவனத்துக்கு வருவோம். "ஃபேர் அத்தான்சியோன்" என்பது பிரெஞ்சுக்காரர் வாயில் நாள் முழுக்க வரும் சொற்றொடர். ஒரு மாணவர் கட்டட வேலையிடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். மேலே கிரேன் நகரும்போது கீழே நின்ற வெளிநாட்டுத் தொழிலாளியைப் பார்த்து "மேக் அட்டென்ஷன்!" என்று கத்தியிருக்கிறார். அந்த ஆள் நகரவில்லை, என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. வகுப்பில் கவனிக்கச் சொன்னால் "பே அட்டென்ஷன்", ஆபத்து வந்தால் "வாட்ச் அவுட்". இந்த இரண்டையும் அவரைப் பத்து முறை சத்தமாகச் சொல்ல வைத்தேன். வேலையிடத்தில் இருப்பவர்களுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் ஜோடி இன்று இதுதான்.

"ப்ராந்த்ர்", அதாவது "எடு", இரண்டாவது குற்றவாளி. போட்டோ எடுப்பதற்கும் குறிப்பு எடுப்பதற்கும் இரண்டு மொழியிலும் "டேக்" சரியாகப் பொருந்துகிறது. அங்கேதான் மாணவர் ஏமாந்துபோகிறார். பல இடங்களில் பொருந்துவதால், பொருந்தாத இடம் வரும்போது கண் விழிப்பதில்லை. டாக்டரிடம் நேரம் வாங்குவது பிரெஞ்சில் "ப்ராந்த்ர்", ஆங்கிலத்தில் "மேக் அன் அப்பாயின்ட்மென்ட்". முடிவெடுப்பது பிரெஞ்சில் "ப்ராந்த்ர்", ஆங்கிலத்தில் பொதுவாக "மேக் எ டிசிஷன்". "டேக் எ டிசிஷன்" என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும், குறிப்பாக அலுவலக நடையில், எழுதுகிறார்கள். அதைச் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எது உண்மையிலேயே தவறு, எது ஒரு நாட்டில் மட்டும் வழக்கம் என்று தெரிந்துகொண்டுதான் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் எதைத் தொட்டாலும் பயப்படுவார்.

தேர்வு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பிரெஞ்சில் "பாஸே அன் எக்ஸாமென்" என்றால் தேர்வு எழுதுவது. ஆங்கிலத்தில் "பாஸ்" என்றால் தேறிவிட்டதாக அர்த்தம். இன்னும் முடிவு வராத தேர்வை வேலைக்கான இன்டர்வியூவில் "ஐ பாஸ்ட் தி எக்ஸாம்" என்று சொல்லிவிட்டால், நல்ல மனிதர்கூட அங்கே பொய் சொன்னவராகிவிடுவார்.

அடைமொழிகள் தனி உலகம். மழை பலமாகப் பெய்தால் பிரெஞ்சில் "ஃபோர்த்", அதாவது ஸ்ட்ராங், ஆங்கிலத்தில் "ஹெவி". நிறையப் புகைபிடிப்பவர் பிரெஞ்சில் "க்ரோ", அதாவது பருத்தவர், ஆங்கிலத்தில் அவரும் "ஹெவி". ஆனால் காபி இரண்டு மொழியிலும் ஸ்ட்ராங்தான். பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராஞ்சே 1990 முதல் ஆங்கிலம் கற்பவர்களின் கட்டுரைகளைச் சேகரித்து ஆராய்ந்தவர். பிரெஞ்சு பேசும் மாணவர்கள் "கம்ப்ளீட்லி", "டோட்டலி" இரண்டையும் அளவுக்கு மேல் பயன்படுத்துகிறார்கள், "ஹைலி"யை மிகக் குறைவாகவே தொடுகிறார்கள் என்று 1998இல் எழுதினார். முதல் இரண்டுக்கும் பிரெஞ்சில் அப்படியே நேர்ச்சொல் உண்டு. "ஹைலி"க்கு அவ்வளவு சகஜமான இணை இல்லை. இதைப் படித்த பிறகு என் மாணவர்களின் சுயவிவரங்களை எடுத்துப் பார்த்தேன். "ஹைலி குவாலிஃபைட்" என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் "டோட்டலி" உட்கார்ந்திருந்தது.

இது வெறும் நடை சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரான்சில் பொறியாளர் பட்டம் வாங்க, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி ஆங்கிலத்தில் பி2 நிலை, அதாவது நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலை, காட்ட வேண்டும். பலர் அதற்கு டோய்க் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுகிறார்கள். மொத்தம் 990க்கு 785 எடுத்தால் பி2. அதில் ஐந்தாவது பகுதி 30 கேள்விகள், வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அவற்றில் பல, நான்கு சொற்களில் எது பக்கத்துச் சொல்லோடு சேரும் என்று கேட்பவைதான். அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தவருக்கு நான்கும் சரி போலவே தோன்றும்.

அப்படி 760இலேயே இரண்டு முறை நின்றுவிட்ட ஒரு பையன் என்னிடம் வந்தான். காரைக்கால் குடும்பம், அவன் பிறந்தது இங்கே. அவன் அம்மா போன் செய்து, "டீச்சர், வீட்ல தமிழ் பேசுறத நிறுத்திடலாமா? மூணு மொழி சேர்ந்து அவனக் குழப்புதோ?" என்று கேட்டார். "ஐயோ, வேண்டாங்க. அவன் எழுதினதுல தமிழ் எங்கேயும் குறுக்க வரல. நீங்க பேசுங்க, நல்லாவே பேசுங்க" என்றேன். அவனுடைய பழைய பயிற்சித் தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். தவறான விடைகளில் பெரும்பாலானவை பிரெஞ்சு ஜோடியின் நிழல்கள்.

நான் யாருக்கும் தனிச்சொல் பட்டியல் கொடுப்பதில்லை. ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். பெயர்ச்சொல்லைத் தலைப்பாக எழுத வேண்டும், ஏனென்றால் ஜோடியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல்தான். "அப்பாயின்ட்மென்ட்" என்று போட்டு, கீழே மேக், ஹேவ், கேன்சல், மிஸ் என்று அதோடு வரும் வினைகள். 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் கொலொகேஷன்ஸ் அகராதியும் இப்படிப் பெயர்ச்சொல்லின் கீழேதான் அடுக்கித் தருகிறது. வசதி இருந்தால் அதை வாங்கிக்கொள்ளலாம். நோட்டில் பிரெஞ்சோடு பொருந்தும் ஜோடிகளை எழுதக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. "டேக் எ போட்டோ"வுக்கு அங்கே இடமில்லை, அது தானாக வந்துவிடும். வாரத்துக்கு ஐந்து ஜோடி போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும், அதை ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். "மேக்" என்று சொல்லி நிறுத்தி யோசித்தால் அது இன்னும் இரண்டு சொல்தான்.

மொழிபெயர்ப்பு ஆப்களைத் தடை செய்வதில் பயனில்லை, எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அவை ஜோடியைப் பெரும்பாலும் சரியாகவே போடுகின்றன. அதுதான் கவலை. மெயில் சரியாகப் போய்விடும், எழுதியவர் மனதில் எதுவும் தங்காது, அடுத்த நாள் மீட்டிங்கில் வாய் திறந்தால் பழைய "மேக் எ பிரேக்" வரும். முதலில் நீங்களே எழுதுங்கள், பிறகு ஆப்பில் போடுங்கள், மாறியிருக்கும் ஜோடிக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

காரைக்கால் அம்மாவின் பையன் நான்கு மாதம் கழித்து 820 வாங்கினான். தேர்வுக்கு முந்தைய வாரம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற இரண்டு வரிசைகளுக்குப் பக்கத்தில் நான் சொல்லாமலே மூன்றாவது வரிசை ஒன்று போட்டு, அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் நிரப்பியிருந்தான். மழைக்கு நேரே பிரெஞ்சில் "ஃபோர்த்", ஆங்கிலத்தில் "ஹெவி", தமிழில் "கனமழை". கவனத்துக்கு நேரே பிரெஞ்சில் "ஃபேர்", ஆங்கிலத்தில் "பே", தமிழில் "செலுத்து". அந்த வரிசைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, "கட்டணமும் செலுத்துவோம், கவனமும் செலுத்துவோம் என்று அம்மா சொன்னார்" என்று பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தான். இத்தனை வருடம் அந்த இரண்டு ஜோடிகளையும் சொல்லித்தந்த எனக்கு அது தோன்றவில்லை. அன்றே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.