படிக்கத் தெரியாதவருக்கு ஆபத்து வேளையில் எப்படிச் சொல்வது?

“பக்கத்தில் ஒரு படம் போட்டுவிட்டால் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புரிந்துவிடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படம் தானாகவே புரியும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. கதிரியக்க எச்சரிக்கைக்கான மூவிதழ்ச் சின்னத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு விலகி ஓடத் தோன்றாது. அதனால்தான் பன்னாட்டு அணுசக்தி முகமை 11 நாட்டு மக்களிடம் காட்டிச் சோதித்து, மண்டையோடும் ஓடும் மனிதரும் கொண்ட சிவப்பு முக்கோணத்தை 2007-இல் கூடுதல் சின்னமாகக் கொண்டுவந்தது.

மருத்துவ அறிவுரையில் படத்தின் வேலையே வேறு. காதில் விழுந்த சொல் சில நொடிகளில் கரைந்துவிடும். மனம் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயங்களைத்தான் பிடித்துவைத்திருக்கும். பதற்றத்தில் அதுவும் குறையும். எழுதத் தெரிந்தவர் குறித்துக்கொள்வார். தெரியாதவர் அத்தனையையும் நினைவிலேயே சுமக்க வேண்டும். ஒவ்வோர் அறிவுரையையும் சொல்லும்போதே அதற்கென ஓர் எளிய கோட்டுப்படத்தைக் காட்டினால், செய்தி ஒலியாகவும் உருவமாகவும் இரண்டு வழிகளில் பதிகிறது. வீட்டுக்குப் போனபின் அந்தப் படம் கண்ணில் பட்டதும், கேட்ட வாக்கியத்தைக் கொக்கிபோட்டு வெளியே இழுத்துவிடுகிறது. என்ன அழகான ஏற்பாடு!

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஹவுட்ஸ் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே கேட்ட அறிவுரைகளில் 14 சதவீதமே நினைவிருந்தது. படத்தோடு கேட்டவற்றில் 85 சதவீதம். இத்தனைக்கும் அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். வாசிப்புத் திறன் குறைந்த பெரியவர்களிடம் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்விலோ, படத்தோடு கேட்டவற்றில் நான்கு வாரம் கழித்தும் 71 சதவீதம் நினைவில் நின்றது.

ஆக, படத்தைக் காட்டிப் பேச ஓர் ஆள் வேண்டும். பேசி முடித்து “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “இப்ப என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க” என்று கேட்க வேண்டும்.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980-களில் இதைத்தான் செய்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) நீரில் மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கரைத்துக் கொடுக்க, ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. உப்பையும் வெல்லத்தையும் அளக்க அவர்களுடைய கையே போதும். கற்றுக்கொடுத்த பெண்களின் ஊதியம் ஏறி இறங்கிய வீடுகளின் கணக்கைப் பார்த்துத் தரப்படவில்லை. பின்னொரு நாள் வேறு ஆட்கள் போய்ச் சோதிக்கும்போது அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு நினைவிருந்ததோ, அதைப் பொறுத்தே தரப்பட்டது. சுகாதாரப் பிரசாரத்துக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் சுவரொட்டி அச்சடிக்கும் செலவில் ஒரு பங்கையாவது இந்தச் சோதனைக்குத் திருப்பிவிட வேண்டும் என்பேன்.