பட்டியலில் மோர் இருக்கிறது, தேடினால் இல்லை

பானங்களின் செய்முறையைத் தேடவும் சேமிக்கவும் சின்னதாக ஒரு வெப் ஆப் எழுதிய கல்லூரி மாணவி கேட்கிறார்: “பானகம் என்று தேடினால் வருகிறது, ஜிகர்தண்டா வருகிறது, மோர் மட்டும் வருவதில்லை. பட்டியலை உருட்டினால் கண்ணெதிரே இருக்கிறது. கோடில் எங்கே தப்பு?”

கோடில் தப்பில்லை. செய்முறைகளை ஒரு ஜேசான் ஃபைலில் (தரவுகளை எழுதிவைக்கும் எளிய வடிவம்) வைத்து, பெட்டியில் ஒவ்வொரு எழுத்து விழும்போதும் பெயர்களோடு ஒப்பிட்டு, பொருந்துவதைக் காட்டுகிறார். நூறு இருநூறு செய்முறைக்கு சர்வர் தேவையில்லை. இதயக்குறியைத் தட்டினால் அந்தச் செய்முறையின் எண் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் போய் உட்காரும். பிரவுசர் டேட்டாவை அழித்தால் அதுவும் போகும். அவ்வளவுதான் ஆப்.

விஷயம் மோரில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொதுமுறை யூனிகோடு. அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். ‘மோர்’ என்றால் ம 2990, ஓகாரக் குறி 3019, ர 2992, புள்ளி 3021. ஆனால் ஓகாரக் குறி பார்வைக்கு என்ன? இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் கால். அந்த இரண்டுக்கும் தனித்தனி எண்கள் உண்டு: 3015, 3006. ஆக 2990, 3015, 3006, 2992, 3021 என்று எழுதினாலும் திரையில் அதே மோர்தான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கோ ஒன்று நாலு எண், மற்றது ஐந்து.

இந்த ஐந்தெண் மோர் எங்கிருந்து வந்தது? செய்முறைகளில் பாதி, உறவினர் ஒருவர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்துவைத்த ஃபைலிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவை என்கிறார் மாணவி. பாமினியில் கொம்பு, ம, கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே அடிப்பார்கள். அரைகுறைக் கன்வெர்ட்டர் கொம்பை ‘ம’வுக்குப் பின்னால் தள்ளும், ஆனால் காலோடு சேர்க்காது. பானகத்தில் வெறும் கால்தான், அதனால் தப்பியது. கொய்யா ஜூஸும் இதே போல மாட்டியிருக்கும், தேடிப் பார்க்கட்டும்.

தீர்வு, வெப் ஆப் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டிலேயே 2015 முதல் இருக்கிறது: ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை. எனக்கு மிகவும் பிடித்தது இது வேலை செய்யும் விதம். எது சேர்ந்திருக்கிறது, எது பிரிந்திருக்கிறது என்று அது ஆராய்வதே இல்லை. முதலில் எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது: 3019 வந்தால் 3015, 3006 ஆகும். பிறகு யூனிகோடின் அட்டவணையைப் பார்த்துச் சேரக்கூடிய ஜோடிகளை எல்லாம் சேர்க்கிறது. எந்த வடிவில் நுழைந்தாலும் நாலெண் மோராகத்தான் வெளியே வரும். தேடும் சொல்லை மட்டும் இப்படிச் சுத்தம் செய்தால் போதாது, சேமித்த பெயர்களையும் செய்ய வேண்டும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே எண் தரும் டேஸ் 16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அதில் இந்தத் தலைவலி கிடையாது. இருந்தாலும் உலகத்தின் போன்களெல்லாம் யூனிகோடில் ஓடும்போது, நம் ஆராய்ச்சிப் பணம் தமிழ்த் தேடலுக்கான திறந்தமூலக் கருவிகளுக்குப் போவதுதான் நியாயம் என்பேன்.

ஏனென்றால் நார்மலைஸுக்கும் எட்டாத இடம் உண்டு. கருப்புக் கவுனிக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுனியை ‘கௌனி’ என்றும் எழுதுவார்கள். அந்தக் ‘கௌ’வில் ஒற்றைக் கொம்புக்குப் பின் வருவது ‘ள’ அல்ல, அதே உருவமுள்ள வேறொரு குறி, எண் 3031. பலர் அங்கே நிஜ ‘ள’வை, 2995ஐ, அடித்துவிடுகிறார்கள். யூனிகோடுக்கு அது வேறு சொல். இதற்கு நாமே விதி எழுத வேண்டும். கொம்பும் ‘ள’வும் வந்தால் ஔகாரமாக மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் வெள்ளரி ஜூஸ் காணாமல் போகும். ‘ள’வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று சேர்த்து எழுதுங்கள். ‘கவுனி’ என்று தேடுபவருக்காக, அந்தச் செய்முறையில் மாற்றுப்பெயர் என்று தனியாக ஒரு வரி.