கேண்டிடேட்: வெள்ளுடையும் வேட்பும்

தேர்தலில் நிற்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் கேண்டிடேட் என்னும் சொல், பிறப்பால் ஓர் ஆடையின் நிறத்தைச் சொல்வது. இலத்தீனில் 'கண்டிடுஸ்' என்பது பளிச்சிடும் வெண்மையையும், அதிலிருந்து பிறந்த 'கண்டிடாட்டுஸ்' என்பது வெள்ளுடை உடுத்தவரையும் குறிக்கும். பண்டைய உரோமில் ஆட்சிப் பதவிகளை நாடியவர்கள், குடிமக்கள் அணியும் தோகா என்னும் கம்பளி மேலாடையைச் சுண்ணப்பொடி தேய்த்து வெளுப்பாக்கி உடுத்துக்கொண்டு, பொதுமன்றத்தில் வாக்காளர்களைக் கண்டு கைபற்றி ஆதரவு கேட்பது வழக்கம். கம்பளி இயல்பில் சற்றே மங்கிய நிறமுடையது. ஆகவே பொடி பூசிய ஆடை கூட்டத்தில் தனித்துத் தெரிந்தது.

இந்தப் பகட்டு எல்லாருக்கும் பிடித்திருக்கவில்லை. பதவி நாடுவோர் ஆடையை வெளுப்பாக்கக் கூடாது என்று கி.மு. 432இல் சட்டம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டம் நிலைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும், கி.மு. 64இல் உரோம அரசியலாளரும் நாவலருமான சிசரோ தம் தேர்தல் போட்டியாளர்களைத் தாக்கி ஆற்றிய உரைக்கே 'வெள்ளைத் தோகாவில்' என்றுதான் பெயர்.

மெழுகுவத்தியைக் குறிக்கும் 'கேண்டில்', ஒளிவுமறைவற்ற பேச்சைக் குறிக்கும் 'கேண்டிட்' ஆகியவையும் இதே வேரின. ஒளிர்தல் என்னும் அடிப்பொருள்வழி வடமொழிச் 'சந்திர' என்பதும் இதற்கு உறவு என்பர் மொழிநூலார்.

தமிழில் முன்னர் 'அபேட்சகர்' என்ற வடசொல் வழங்கியது. இன்று நிலைத்திருப்பது 'வேட்பாளர்'. விரும்புதலைக் குறிக்கும் 'வேள்' என்னும் வேரிலிருந்து வேட்கை, வேட்பு முதலியன கிளைத்தன. 'கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்ற குறளில் 'வேட்ப' என்பது 'விரும்பும்படி' என்று பொருள்படும். பதவியை விரும்பி முன்வருபவர் என்பதே வேட்பாளரின் பொருள். ஆங்கிலச் சொல் உடையைப் பார்க்கிறது, தமிழ்ச் சொல் உள்ளத்தைப் பார்க்கிறது. இலத்தீனை எழுத்தெழுத்தாகப் பெயர்த்து 'வெள்ளுடையார்' என்று ஆக்காமல் விட்டது நல்லதாயிற்று.

ஆயினும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'வேட்பாளர்' என்று எழுதுவது பொருந்தாது. தேர்வு எழுதுபவர் 'தேர்வர்', வேலைக்கு மனுச் செய்தவர் 'விண்ணப்பதாரர்'. அறிவியலில், இன்னும் உறுதிப்படாத கோளையும் சோதனையில் உள்ள மருந்தையும் ஆங்கிலம் இதே சொல்லால் சுட்டுகிறது. கோளுக்கும் மருந்துக்கும் வேட்கை ஏது? அங்கே 'கோளாக இருக்கக்கூடியது', 'மருந்தாகக்கூடிய சேர்மம்' என்று விரித்து எழுதுவதே தகும்.